டேபிளில் வைத்துக் கேட்கும் சம்மதம்

மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சித்தப்பா மகன் போன் செய்தான்.

"அண்ணே, அப்பாவுக்கு எண்பது பர்சன்ட் அடைப்பாம். இன்னும் டேபிள்லதான் படுத்திருக்காரு. ஸ்டென்ட் வைக்கவா வேணாமான்னு பத்து நிமிஷத்துல சொல்லணுமாம்."

"வைக்கலேன்னா என்னவாம்?"

"டைம் பாம் மாதிரிங்கிறாங்கண்ணே."

சித்தப்பா அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். படியேறினால் நெஞ்சை யாரோ அழுத்துவதுபோல இருக்கிறது, நின்றால் சரியாகிவிடுகிறது என்று ஆறேழு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். டிரெட்மில் சோதனையில் சந்தேகம் வந்து, மறுவாரம் ஆஞ்சியோகிராம். காலையில் தன் காலால் நடந்துபோய்ப் படுத்தவர். திரையில் ஒரு ரத்தக்குழாய் நடுவில் இற்ற நூல்போல மெலிந்திருந்ததைத் தம்பியைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார்கள். அதைப் பார்த்தபின் எந்த மகனுக்கு 'யோசித்துச் சொல்கிறேன்' என்று வாய் வரும்?

எனக்கும் அன்றைக்குப் பதில் தெரியாது. "இப்ப வேணாம், கீழ இறக்கச் சொல்லு" என்று நான் சொன்னதற்குத் துணிச்சல் காரணமில்லை. கையில் பணமில்லை, அவ்வளவுதான். அந்த இல்லாமை வாங்கிக் கொடுத்த சில நாள் அவகாசத்தில் தெரிந்துகொண்டவைதான் இங்கே வரப்போவதில் பெரும்பகுதி.

அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. மாரடைப்பு வேறு, சித்தப்பாவுக்கு இருந்தது வேறு. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு வலித்து அடங்காமல் இருப்பது, வலி கைக்கோ தாடைக்கோ பரவுவது, வியர்த்துக் கொட்டுவது, மூச்சு முட்டுவது, பழைய வலியே சில நாட்களில் அடிக்கடி வரத் தொடங்குவது, இவற்றில் எது வந்தாலும் 108-ஐக் கூப்பிட வேண்டும். மாரடைப்பில் குழாய் திடீரென்று அடைபட்டு, இதயத் தசை நிமிடத்துக்கு நிமிடம் செத்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் ஆஞ்சியோபிளாஸ்டி செய்து குழாயைத் திறப்பது உயிர் காக்கும் சிகிச்சை. அதற்கு ஆதாரம் கெட்டியாகவே இருக்கிறது. அங்கே இன்னொரு மருத்துவரிடம் கேட்டுவிட்டு வருகிறோம் என்று கிளம்புவதுதான் ஆபத்து. நடந்தால் வந்து நின்றால் போகிற, மாதக்கணக்காக ஒரே அளவில் இருக்கிற வலியை மருத்துவர்கள் நிலையான ஆஞ்சைனா என்பார்கள். இந்தக் கட்டுரையின் பேச்சு முழுக்க அதைப் பற்றியது.

ஆண்ட்ரியாஸ் குருன்ட்ஸிக் 1977-ல் சூரிச் நகரில், விழித்திருக்கும் ஒரு நோயாளியின் இதய ரத்தக்குழாய்க்குள் சின்ன பலூனை ஊதி அடைப்பை விரித்துக் காட்டினார். அதுதான் ஆஞ்சியோபிளாஸ்டி. 1986-ல் அந்த இடம் மறுபடி சுருங்காமலிருக்க உலோகச் சுருள் வைத்தார்கள். அதுதான் ஸ்டென்ட். அடைத்த குழாயைத் திறந்துவிட்டால் ஆபத்து நீங்கிவிடும் என்பதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பாசி பிடித்த தண்ணீர்க் குழாயோடு மல்லுக்கட்டியவர்கள்தானே நாமெல்லாம்.

ஆனால் நியாயமாகப் படுகிற கணக்கு உடம்புக்குள் போனதும் தப்பிவிடுவதுண்டு. மாரடைப்பில் பிழைத்தவர்களில் இதயத் துடிப்பு இடையிடையே தாளம் தப்புகிறவர்கள் திடீரென்று இறப்பது அதிகம் என்று ஒரு காலத்தில் கவனித்தார்கள். தாளத்தைச் சீராக்கும் மாத்திரை கொடுத்தால் சாவு குறையும் அல்லவா? என்கைனைடு, ஃபிளெகைனைடு என்ற இரண்டு மாத்திரைகள் அமெரிக்காவில் அப்படித்தான் எழுதப்பட்டன. ஈசிஜியில் தாளம் அழகாகச் சீரானது. பிறகு 1980-களின் கடைசியில் காஸ்ட் என்ற ஆய்வில், நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து, பாதிப் பேருக்கு மாத்திரையும் பாதிப் பேருக்கு அதேபோலத் தெரியும் வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். சராசரியாகப் பத்து மாதத்தில், வெற்று மாத்திரை சாப்பிட்ட 743 பேரில் 26 பேர் இறந்திருந்தார்கள். மருந்து சாப்பிட்ட 755 பேரில் 63 பேர். தாளத்தைச் சரிசெய்த மருந்து ஆளைக் கொன்றிருந்தது. எழுதிக் கொடுத்த மருத்துவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. ஒவ்வொருவரும் தன் நோயாளிக்கு நல்லது செய்வதாகவே நம்பியிருந்தார்கள்.

சீட்டுக் குலுக்குவது ஏன் என்று கேட்கலாம். யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதை மருத்துவரோ நோயாளியோ தேர்ந்தெடுத்தால், வசதியுள்ளவர்களும் உடம்பு தேறியவர்களும் ஒரு பக்கம் சேர்ந்துவிடுவார்கள். பிறகு வித்தியாசம் மருந்தால் வந்ததா ஆளால் வந்ததா என்று பிரிக்க முடியாது. குலுக்கிப் போட்டால் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஆட்கள்.

இதை வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று ஒதுக்குகிறவர்கள் சென்னை சேத்துப்பட்டுக்குப் போய்ப் பார்க்கலாம். 1956-ல் அங்கே தொடங்கிய காசநோய் மையம், சானடோரியத்தில் ஓய்வும் நல்ல சாப்பாடுமாகப் படுக்க வைத்து மருந்து கொடுப்பதையும், நெருக்கடியான ஏழை வீடுகளில் இருந்தபடியே மருந்து சாப்பிடுவதையும் இதேபோலக் குலுக்கிப் பிரித்து ஒப்பிட்டது. 1959-ல் முடிவு வெளியானது. ஒரு வருட மருந்துக்குப் பிறகு இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமாகியிருந்தார்கள். வீட்டிலிருந்தவர்களுக்கு நோய் கூடுதலாகத் தொற்றவுமில்லை. காசநோய்க்காரரை வீட்டைவிட்டு அனுப்ப வேண்டாம் என்று உலகம் மனதை மாற்றிக்கொண்டதில் அந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு. நம் பள்ளிப் புத்தகங்களில் இது ஏன் பாடமாக இல்லை என்பது என் தீராத வருத்தம்.

ஸ்டென்டுக்கும் அந்தப் பரீட்சை வந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் நிலையான இதய நோயுள்ள 2,287 பேரை வைத்து நடந்த கரேஜ் ஆய்வு 2007-ல் வெளியானது. எல்லோருக்கும் நல்ல மருந்துகள். பாதிப் பேருக்கு மட்டும் கூடவே ஆஞ்சியோபிளாஸ்டி. நாலரை ஆண்டு கழித்துப் பார்த்தபோது மரணமோ மாரடைப்போ வந்தவர்கள் அந்தப் பக்கம் 19 சதவீதம், மருந்து மட்டும் சாப்பிட்ட பக்கம் 18.5 சதவீதம். 'நோய் முற்றியவர்களைச் சேர்க்கவில்லை' என்றார்கள் சிலர். சோதனையில் மிதமான அல்லது கடுமையான ரத்தக் குறைவு தெரிந்த 5,179 பேரை இந்தியா உட்பட 37 நாடுகளில் சேர்த்து இஸ்கீமியா ஆய்வு நடந்தது. 2020-ல் வெளியான கணக்கில், ஆஞ்சியோகிராம் செய்து ஸ்டென்டோ பைபாஸோ என்று போன பக்கம் 145 மரணங்கள். மருந்தோடு தொடங்கிய பக்கம் 144.

அப்படியானால் அந்த எண்பது சதவீதம்? மாரடைப்பு பெரும்பாலும் நாள்பட இறுகிய அடைப்பால் வருவதில்லை. குழாய்ச் சுவரில் படிந்த கொழுப்புத் திட்டு திடீரென்று வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைவதால் வருகிறது. வெடிக்கப் போகிற திட்டு ஆஞ்சியோகிராமில் கண்ணுக்கே படாத சிறியதாகவும் இருக்கலாம். ஸ்டென்ட் ஓர் இடத்தைச் சரிசெய்கிறது. ஸ்டாட்டினும் ஆஸ்பிரினும் ரத்த அழுத்தக் கட்டுப்பாடும் பீடியை விடுவதும் எல்லாக் குழாயிலும் வேலை செய்கின்றன. டைம் பாம் என்று காட்டப்பட்டது பாம் இல்லாமலிருக்கலாம். பாம் வேறெங்காவது இருக்கலாம்.

வலி விஷயத்தில் கதை கொஞ்சம் வேறு. அடிக்கடி நெஞ்சு வலிக்கிறவர்களுக்கு ஸ்டென்ட் நிவாரணம் தருகிறது என்று இஸ்கீமியா ஆய்விலேயே தெரிந்தது. அதில் மனசின் பங்கு எவ்வளவு என்று பார்க்க லண்டனில் ரஷா அல்-லாமி குழுவினர் ஒரு துணிச்சலான காரியம் செய்தார்கள். ஓர்பிட்டா என்ற ஆய்வில் 200 பேரை மயக்கத்தில் ஆழ்த்தி, பாதிப் பேருக்கு ஸ்டென்ட் வைத்தார்கள், பாதிப் பேருக்கு வைத்ததுபோலப் பாவனை செய்தார்கள். ஆறு வாரம் கழித்து டிரெட்மில்லில் நடக்கும் நேரத்தில் சொல்லும்படியான வித்தியாசமில்லை. இது 2017. ஆனால் ஆஞ்சைனாவுக்கான மாத்திரைகளை நிறுத்திவிட்டு அதே குழுவினர் செய்த இரண்டாவது ஆய்வில், 2023-ல், ஸ்டென்ட் வலியை உண்மையாகவே குறைத்தது. முதல் ஆய்வை மட்டும் காட்டி 'ஸ்டென்ட் எல்லாம் மோசடி' என்று வாட்ஸ்அப்பில் சுற்ற விடுகிறவர்களும் பாதி உண்மையைத்தான் சொல்கிறார்கள்.

இந்த ஆய்வுகளில் யாரைச் சேர்க்கவில்லை என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். இதயத்தின் இடப்பக்கப் பிரதானக் குழாயில் பெரிய அடைப்பு, மிகவும் பலவீனமான இதயம், அண்மையில் வந்த மாரடைப்பு, மருந்துக்கு அடங்காத வலி ஆகியவை இருந்தவர்களை இஸ்கீமியா சேர்க்கவில்லை. அவர்களுக்கு இந்த எண்கள் பொருந்தாது. ஆதாரம் சார்ந்த மருத்துவம் என்பது ஆய்வைப் படித்துக்காட்டிக் கதவைச் சாத்துவதில்லை. டேவிட் சாக்கெட்டும் அவரது சகாக்களும் 1996-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இதைத் தெளிவாக்கினார்கள். கிடைப்பதில் சிறந்த ஆய்வு, எதிரே உட்கார்ந்திருக்கும் ஆளைப் படித்தறியும் மருத்துவரின் அனுபவம், அந்த ஆள் தன் வாழ்க்கையில் எதை முக்கியமாக நினைக்கிறார் என்பது, இவை மூன்றும் சேர்ந்தால்தான் முடிவு. பத்து நிமிடக் கெடுவில் மூன்றாவதற்கு இடமே கிடையாது.

சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது? கோளாறு என்ன என்று பார்க்க மட்டும் மயக்க மருந்துக்குச் சம்மதித்த ஒரு பெண்ணுக்கு, மயக்கத்திலிருந்தபோதே தாயாரிடம் சம்மதம் வாங்கிக் கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். அந்த வழக்கில் 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றும் நமக்குப் பிடிமானம்: பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் சிகிச்சைக்குச் சம்மதம் ஆகாது. சிகிச்சை என்ன, எதற்கு, என்ன பலன், வேறு வழி உண்டா, முக்கிய ஆபத்துகள் எவை, மறுத்தால் என்னவாகும் என்பதைச் சொல்லித்தான் சம்மதம் வாங்க வேண்டும். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் மட்டுமே விலக்கு. தானே முடிவெடுக்கக்கூடிய பெரியவருக்காக மகனோ தாயோ கையெழுத்துப் போட முடியாது.

ஆனால் இரண்டுக்கும் சேர்த்து முன்கூட்டியே சம்மதம் வாங்கலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. சூட்சுமம் அங்கேதான். ஆஞ்சியோவுக்கு முன்பு நீட்டப்படும் படிவத்தில் 'தேவைப்பட்டால் ஆஞ்சியோபிளாஸ்டியும்' என்று ஒரு வரி இருந்தால், கையெழுத்துப் போட்டவுடன் நீங்கள் ஒப்புக்கொண்டாயிற்று. அந்த வரியை அடித்துவிட்டு, பரிசோதனைக்கு மட்டும் என்று எழுதிக் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. என்ன சொல்வார்களோ என்று தயங்க வேண்டாம். அதே சமயம், இரண்டாவது முறை குழாய் செலுத்த வேண்டிவந்தால் அதற்கான செலவும் சிறு ஆபத்தும் உண்டு என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியது அதிகமில்லை. இதனால் என் ஆயுள் கூடுமா, வலி குறையுமா, இரண்டில் எது? மூன்று மாதம் மருந்து மட்டும் சாப்பிட்டுப் பார்த்தால் என்ன இழப்பேன்? 'ஆபத்து பாதியாகக் குறையும்' என்று பதில் வந்தால், நூறு பேரில் எத்தனை பேருக்கு என்று கேளுங்கள். நூற்றுக்கு இருபது பத்தானாலும் பாதிதான், இரண்டு ஒன்றானாலும் பாதிதான். 'காப்பீட்டில் வந்துவிடும், உங்களுக்குச் செலவில்லை' என்பது இந்தக் கேள்விகள் எதற்கும் பதிலில்லை. செலவில்லாத ஸ்டென்டுக்குப் பின்னாலும் ரத்தம் உறையாமலிருக்க இரண்டு மாத்திரைகள் பல மாதம் சாப்பிட வேண்டும். ரத்தக்கசிவு அபாயம் கூடும். பல் பிடுங்குவதற்காக யாரையும் கேட்காமல் அவற்றை நிறுத்தினால் ஸ்டென்டே அடைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு மருத்துவரிடம் காட்ட ஆவணங்கள் வேண்டும். கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைக் கொடுக்க வேண்டும் என்பது 2002-ம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதி. ஆஞ்சியோ ரிப்போர்ட் தாளோடு நிற்காமல், படப்பதிவு உள்ள சிடியையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஸ்டென்ட் வைத்திருந்தால், 2017-ல் மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் விலைக்கு உச்சவரம்பு விதித்தபோது இட்ட உத்தரவுப்படி, அதன் விலையையும் நிறுவனப் பெயரையும் பில்லில் தனியாகக் காட்ட வேண்டும்.

முறையீட்டுக்கு மூன்று வாசல்கள். மருத்துவரின் நடத்தை பற்றியது தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கு. மருத்துவமனையின் நிர்வாகம் பற்றியது, அதைப் பதிவு செய்யும் அதிகாரமுள்ள மாவட்ட மருத்துவ ஊரக நலப்பணிகள் இணை இயக்குநருக்கு. இழப்பீடு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு. கட்டணம் வாங்கும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. காப்பீட்டு நிறுவனம் கட்டியிருந்தாலும் அது கட்டணம்தான். செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக்குக் கட்டணமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். சிகிச்சை பலிக்கவில்லை என்பது மட்டும் வழக்காகாது. சொல்லாமல் செய்தார்கள், தேவையில்லாததைச் செய்தார்கள் என்று காட்ட இன்னொரு மருத்துவரின் எழுத்துபூர்வமான கருத்து பெரும்பாலும் தேவைப்படும். அது எளிதில் கிடைக்காது. ஆகவேதான் கையெழுத்துக்கு முந்தைய பத்து நிமிடத்தைப் பற்றி இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

சித்தப்பாவின் சிடியை வேறோர் ஊரில் ஒரு மருத்துவர் பார்த்தார். பிரதானக் குழாயில் ஒன்றுமில்லை, இதயம் நன்றாகச் சுருங்கி விரிகிறது, மருந்தில் தொடங்கலாம் என்றார். பீடி நின்றது. எட்டு மாதத்தில் வலி பாதி குறைந்தது, முழுதாகப் போகவில்லை. ஆடி அமாவாசைக்கு அழகர்மலையில் நூபுர கங்கைவரை நடந்தே ஏறுவது அவருக்கு நாற்பது வருடப் பழக்கம். அந்த வருடம் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டார். மறுவாரம் அதே மருத்துவரிடம் போனார்.

"ஸ்டென்ட் வெச்சா ஏறலாம்னு எதிர்பார்க்கலாம். ஆயுசு கூடும்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார் மருத்துவர்.

"ஏறினாப் போதுங்க சார்."

சம்மதப் படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் வேண்டுமென்றார் சித்தப்பா. தேடியபோது அலமாரியின் அடித்தட்டில் இருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, டிக்கெட் புத்தகத்தைக் கணக்குப் பார்க்கிறவர்போல ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். நர்ஸ் இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.