பழைய லோரியின் உட்புறச் சாயம்: சுரண்டும் முன் தேடுங்கள்

தோட்டத்து லோரி என்றதும் நம்மவர்களில் மூத்தவர்கள் பலருக்கு பெட்ஃபோர்ட்தான் நினைவுக்கு வரும். இங்கிலாந்தின் லூட்டன் நகரில் 1931-இல் தயாராகத் தொடங்கிய இந்த ரக லோரிகள் கித்தா பாலையும் செம்பனைக் குலையையும் மட்டும் ஏற்றவில்லை. திருவிழாவுக்குப் போகும் கூட்டத்தையும் பட்டணத்துப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளையும் சேர்த்தே சுமந்தன. அவற்றில் பெரும்பாலானவை பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டன. மிஞ்சியிருக்கும் ஒன்றிரண்டைத் தேடி வாங்கிப் புதுப்பிப்பவர்கள், இயந்திரத்துக்கும் வெளிப்புறத்துக்கும் காட்டும் அக்கறையை ஓட்டுநர் அமரும் இடத்துக்குக் காட்டுவது குறைவு. பட்டறைக்குப் போன லோரி, உள்ளே பளபளக்கும் கறுப்பு நிறத்தோடு திரும்பி வருகிறது. பழைய நிறம் என்னவாக இருந்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடிவதில்லை.

இன்றைய வாகனங்களைப் போல் அக்கால லோரிக்குள் பிளாஸ்டிக்கும் பஞ்சு மெத்தையும் எல்லா இடத்தையும் மூடியிருக்கவில்லை. டேஷ்போர்டு, கதவின் உட்பக்கம், கண்ணாடியைத் தாங்கும் தூண்கள் ஆகியவை பெரும்பாலும் சாயம் பூசிய தகரமே. அதனால் உள்ளே இருந்த சாயம்தான் அந்த அறையின் முகம். அது வெளி நிறமாகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. 1948-இல் வெளிவந்த முதல் லேண்ட் ரோவர்களின் வெளிர் பச்சை, போருக்குப் பின் மிஞ்சிய விமானச் சாயத்திலிருந்து வந்தது என்று பரவலாகச் சொல்வார்கள். ஒரு நிறத்துக்குப் பின்னால் இப்படியும் ஒரு கதை இருக்கலாம்.

ஆகவே முதல் வேலை தேடுவது. வெயிலும் கையும் படாத இடங்களில் பழைய சாயம் ஒளிந்திருக்கும். வேகம் காட்டும் கருவியைக் கழற்றினால் அதன் பின்புறம், சிறு பொருள்கள் வைக்கும் பெட்டியின் உட்பக்கம், வெயில் மறைப்பை இறுக்கிய திருகாணிக்கு அடியில், கதவு இணைப்புகளின் இடுக்கில் பார்க்க வேண்டும். அங்கும் மேலே வேறு சாயம் பூசியிருந்தால், மெல்லிய மணல்தாளை நீரில் நனைத்து 20 காசு நாணய அளவுக்குத் தேய்த்தால் போதும். ஒவ்வொரு பூச்சும் வளையம் வளையமாகத் தெரியும். இரும்பை ஒட்டியிருக்கும் சாம்பல் அல்லது செங்காவி நிறம் பெரும்பாலும் அடிப்பூச்சாகத்தான் இருக்கும். அதற்கு அடுத்த வளையமே தொழிற்சாலை கொடுத்த நிறம்.

இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. எண்ணெய் கலந்த எனாமல் சாயம் வெளிச்சமே படாமல் பல ஆண்டுகள் இருந்தால் மஞ்சள் பாயும். வெள்ளையும் வெளிர் நிறங்களும் இதில் மோசம். வெளிச்சத்தில் சில நாள் வைத்தால் அந்த மஞ்சள் ஓரளவு இறங்கும். கழற்ற முடிந்த சிறு மூடி ஒன்றை அப்படி வைத்திருந்து, பிறகு கிள்ளானிலோ ஈப்போவிலோ உள்ள சாயக் கடைக்குக் கொண்டுபோவது நல்லது. கருவியால் நிறத்தை அளந்து கலந்து கொடுக்கும் கடைகள் உண்டு. ஆனால் நிறத்தைச் சொன்னால் மட்டும் போதாது, பளபளப்பின் அளவையும் சொல்ல வேண்டும். டேஷ்போர்டின் மேற்பகுதி மின்னினால் வெயில் அதில் பட்டு முன்கண்ணாடியில் தெறித்து ஓட்டுநரின் கண்ணைக் கூசும். அதனால் பல வாகனங்களில் உட்புறத்துக்கு அடங்கிய பளபளப்பே கொடுத்தார்கள். கேட்காவிட்டால் கடைக்காரர் முழுப் பளபளப்பைத்தான் கொடுப்பார்.

அடுத்தது உடல்நலம். இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லத்தான் வேண்டும். அக்காலச் சாயங்களிலும் துருத் தடுப்பு அடிப்பூச்சுகளிலும் ஈயம் கலந்திருப்பது சாதாரணம். காய்ந்த சாயத்தை இயந்திரத்தால் தேய்த்தால் ஈயத் தூள் காற்றில் பறக்கும். வீட்டு வாசலில் வைத்து வேலை செய்தால் அது தரையிலும் துணியிலும் படிந்து பிள்ளைகளின் வாய்க்குப் போகும். வளரும் மூளையை ஈயம் பாதிக்கும். எனவே ஈரத்தோடு மட்டுமே தேய்க்க வேண்டும், காற்றழுத்தக் குழாயால் ஊதக்கூடாது, கழிவைத் துடைத்து எடுத்துக் கட்டிவிட வேண்டும், வேலைத் துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும். முகத்துக்குத் துணி கட்டிக்கொள்வது பாதுகாப்பு ஆகாது. நுண்தூளைத் தடுக்கும் வடிகட்டி பொருத்திய முகக்கவசம் தேவை.

பழைய பூச்சு எந்த வகை என்பதை ஒரு துளி தின்னர் காட்டிக்கொடுக்கும். துணியில் நனைத்துத் தேய்க்கும்போது நிறம் கரைந்து ஒட்டினால் அது லேக்கர். சுருங்கினால் எனாமல். எனாமலின் மேல் நேரடியாக லேக்கர் அடித்தால் அடியில் இருப்பது கொப்பளித்து எழும்பிவிடும். இடையே தடுப்புப் பூச்சு வேண்டும்.

நம் நாட்டுச் சூழலில் மழையும் ஓர் எதிரி. மழை பெய்து காற்று ஈரமாக இருக்கும் பிற்பகலில் லேக்கர் அடித்தால், தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து ஈரம் படியும். சாயம் வெண்புகை படிந்ததுபோல் மங்கிவிடும். காய்ந்த நாளின் முற்பகலே இதற்கு உகந்த நேரம். ஹார்டனர் கலந்து அடிக்கும் இக்காலச் சாயம் உறுதியானது. ஆனால் அந்த ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் கொடுக்கும் கவசம் இல்லாதவர்கள் அதைப் பயிற்சி பெற்ற பட்டறைக்கே விட்டுவிடலாம். லோரியின் உள்ளறை மூடிய பெட்டி போன்றது, புகை அங்கேயே தேங்கும்.

தரையில் ரப்பர் விரிப்பின் அடியில் நீர் தேங்கி அரித்த இடங்களைப் பட்டி வைத்து மறைப்பது வீண் வேலை. துருவை எடுத்து, தேவைப்பட்டால் தகரத்தை வெட்டி ஒட்டிய பிறகுதான் சாயம்.

எல்லாவற்றையும் மீண்டும் பூச வேண்டுமா என்பது தனிக் கேள்வி. மூலச் சாயம் பாதிக்கு மேல் பிடிமானத்தோடு இருந்தால், மிதமான சவர்க்கார நீரில் துடைத்து, மெழுகு தேய்த்து, உரிந்த இடங்களை மட்டும் தொட்டு நிரப்புவதே சரி. கதவு விளிம்பில் ஓட்டுநரின் முழங்கை தேய்த்துத் தேய்த்து இரும்பு தெரியும் வழுவழுப்பை எந்தப் பட்டறையும் திரும்பச் செய்து தர முடியாது. துரு ஏறாமல் நிறமற்ற மெழுகு தடவி அதை அப்படியே விட்டுவிடலாம்.

முழுவதும் பூசியே ஆக வேண்டும் என்றால், கருவிப் பலகையின் பின்னால் உள்ளங்கை அளவு பழைய சாயத்தைத் தொடாமல் விடுங்கள். கலந்த சாயத்தின் எண்ணையும் பளபளப்பின் அளவையும் ஒரு தாளில் எழுதி, லோரியின் பத்திரங்களோடு வைத்துவிடுங்கள்.