காலராவை ஆக்கும் வைரஸ், அடக்கும் வைரஸ்

பாக்டீரியாக்களையும் வைரஸ் தாக்கும். அப்படித் தாக்கும் வைரஸ்களுக்கு ஃபேஜ் என்று பெயர். கடல், ஆறு, மண், மனிதக் குடல் என பாக்டீரியா வாழும் இடமெல்லாம் இவையும் உண்டு. கரையோரக் கடல்நீரின் ஒரு மில்லிலிட்டரில் ஒரு கோடி அளவுக்கு வைரஸ் துகள்கள் இருக்கும்; அவற்றில் பெரும்பாலானவை ஃபேஜ்களே. ஒரு பாக்டீரியாவின் மரபணுக்களையும் வாழ்க்கையையும் அதன் ஃபேஜ்கள் எந்த அளவுக்கு வடிவமைக்கின்றன என்பதற்கு மிகத் தெளிவான சான்று, வங்காளத்தின் கழிமுகப் பகுதியில் இன்றும் வாழும் காலராக் கிருமி, அதாவது விப்ரியோ காலரே.

கங்கை, யமுனை நீருக்குக் காலராக் கிருமியைக் கொல்லும் ஆற்றல் இருப்பதாக ஆக்ராவில் பணியாற்றிய எர்னஸ்ட் ஹேங்கின் 1896இல் எழுதினார். அது ஃபேஜ்களின் வேலையாக இருக்கலாம் என்பது பிறகு வந்த ஊகம். அவர் காலத்தில் ஃபேஜ் என்ற ஒன்றையே யாரும் அறிந்திருக்கவில்லை. 1915இல் லண்டனில் ஃபிரெடரிக் ட்வார்ட்டும், 1917இல் பாரிஸில் ஃபெலிக்ஸ் தெரெல்லும் தனித்தனியே ஃபேஜ்களைக் கண்டறிந்தார்கள். தெரெல் 1927இல் இந்தியாவுக்கே வந்து, ஃபேஜ்களைக் கொண்டு காலராவைக் குணப்படுத்த முயன்றார்.

காலரா உயிரைப் பறிப்பது ஒரு நச்சுப் புரதத்தால். குடலின் உட்சுவரிலிருந்து நீரையும் உப்பையும் அது பீய்ச்சி வெளியேற்றிவிடுகிறது. அப்படி ஒரு நச்சு உண்டு என்பதை 1959இல் கொல்கத்தாவில் சம்புநாத் டே முயலின் குடலில் நிறுவிக் காட்டினார். அந்த நச்சுக்கான மரபணு உண்மையில் யாருடையது என்பது தெரிய மேலும் 37 ஆண்டுகள் ஆயின. 1996இல் மேத்யூ வால்டோர், ஜான் மெகலனோஸ் இருவரும் வெளியிட்ட ஆய்வு, அது பாக்டீரியாவின் சொந்த மரபணு அல்ல, சிடிஎக்ஸ் என்ற ஃபேஜ் சுமந்து வந்தது என்று காட்டியது.

சிடிஎக்ஸ் நூலிழை போன்ற சிறு வைரஸ். அதன் மொத்த மரபுச் செய்தியே சுமார் 7,000 டிஎன்ஏ எழுத்துகள்தான். பாக்டீரியாவுக்குள் புகுந்ததும் அதன் குரோமோசோமில் தன்னைச் செருகிக்கொள்கிறது. புதிய வைரஸ்கள் பாக்டீரியாவைக் கொல்லாமலேயே கசிந்து வெளியேறுகின்றன. குடலில் குடியேறுவதற்காக விப்ரியோ வளர்க்கும் மெல்லிய புரத இழைதான் இந்த வைரஸ் உள்ளே நுழையும் வாசல். அதனால் நோயாளியின் குடலிலேயே தீங்கற்ற விப்ரியோ நஞ்சுள்ளதாக மாற வழி பிறக்கிறது. தொண்டை அடைப்பான் நோயின் நச்சும் இப்படி ஒரு ஃபேஜ் தந்ததே.

இதற்கு நேர் எதிரான வேலையைச் செய்வது ஐசிபி1 என்ற ஃபேஜ். டாக்காவின் சர்வதேச வயிற்றுப்போக்கு நோய் ஆய்வு மையத்தில் காலரா நோயாளிகளின் மலத்தில் இது ஆண்டுக்கு ஆண்டு தென்பட்டுவருகிறது. இதன் மரபணுத்தொகுதி சுமார் 1,25,000 எழுத்துகள் நீளமானது. விப்ரியோவின் மேற்பரப்பிலுள்ள ஓ1 எனும் சர்க்கரைச் சங்கிலியைப் பற்றிக்கொண்டு உள்ளே புகுந்து, பெருகி, கடைசியில் பாக்டீரியாவை உடைத்துக்கொண்டு வெளியேறும். தப்பிக்க விரும்பும் விப்ரியோ அந்தச் சங்கிலியையே இழந்துவிடலாம். ஆனால் அது இல்லாமல் குடலில் பிழைப்பது கடினம். ஃபேஜ் பிடித்திருப்பது பாக்டீரியா விட்டுக்கொடுக்க முடியாத ஒரு பிடி.

எனவே விப்ரியோ வேறு வழியில் எதிர்க்கிறது. சில வகைகளின் குரோமோசோமில் பிஎல்இ எனப்படும் சுமார் 18,000 எழுத்து நீளமுள்ள துண்டு உறங்கிக்கிடக்கும். ஐசிபி1 நுழைந்ததுமே அது குரோமோசோமிலிருந்து கழன்று, தன்னைப் பல படிகளாக்கி, ஃபேஜ் தனக்காகச் செய்யும் புரத உறைகளைத் தன் டிஎன்ஏவுக்கு எடுத்துக்கொள்கிறது. தாக்கப்பட்ட செல் எப்படியும் இறந்துவிடும். ஆனால் அதிலிருந்து புதிய ஐசிபி1 வெளிவருவதில்லை. பக்கத்திலுள்ள செல்கள் பிழைக்கின்றன.

ஐசிபி1 இதற்குத் தந்த பதிலை எதிர்பார்த்தவர் யாருமில்லை. கிறிஸ்பர் என்பது பாக்டீரியா ஃபேஜ்களை வெட்டி அழிக்க வைத்திருக்கும் தற்காப்பு. அதன் செயலைத் தயிர் உறையவைக்கும் பாக்டீரியாவில் 2007இல் சோதித்து நிறுவினார்கள். அதே கிறிஸ்பர் ஐசிபி1 ஃபேஜின் மரபணுத்தொகுதியில் முழுமையாக இருப்பதையும், அதைக் கொண்டு ஃபேஜ் பிஎல்இயைத் துண்டாக்குவதையும் கிம்பர்லி சீடும் ஆண்ட்ரூ கமிலியும் அடங்கிய குழு 2013இல் வெளியிட்டது. பாக்டீரியாவின் ஆயுதம் எந்தக் காலத்திலோ வைரஸின் கைக்குப் போயிருக்கிறது. மரபணு வரிசையைப் படிக்காமல் இதைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது.

இந்தப் போர் மருத்துவத்தையும் நேரடியாகத் தொடுகிறது. ஆன்டிபயாடிக் மருந்துகளை எதிர்க்கும் மரபணுக்களை விப்ரியோக்களிடையே கடத்தும் எஸ்எக்ஸ்டி எனும் டிஎன்ஏ துண்டுகளிலேயே ஃபேஜ்களைத் தடுக்கும் மரபணுக்களும் இருப்பது 2021இல் தெரியவந்தது. அப்படியானால் ஃபேஜ்களின் தாக்குதலும் மருந்துக்கு அடங்காத விப்ரியோவைப் பரவச் செய்யலாம். மருந்து எதிர்ப்புக்கு மருந்தின் தவறான பயன்பாடு மட்டுமே காரணம் என்று பேசிவருபவர்கள் இதைக் கணக்கில் எடுத்தாக வேண்டும்.

ஆற்றிலும் குளத்திலும் நடப்பதை டாக்காவில் ஷா ஃபரூக்கின் குழு ஆண்டுக்கணக்கில் கண்காணித்து 2005இல் எழுதியது. நீரில் ஃபேஜ்கள் குறைவாக இருந்த காலங்களில் காலரா நோயாளிகள் அதிகரித்தார்கள். ஃபேஜ்கள் பெருகியபோது எண்ணிக்கை சரிந்தது. கொள்ளைநோய் முற்றும்போது நோயாளிகளின் உடலிலிருந்தே ஃபேஜ்கள் ஏராளமாக நீரில் கலந்து, அந்த அலையை முடித்துவைக்க உதவுகின்றன என்பது அவர்களின் விளக்கம். மழை, வெள்ளம், மக்களின் நோயெதிர்ப்புச் சக்தி ஆகியவற்றுக்கும் இதில் பங்குண்டு.

மூன்று ஃபேஜ்களைக் கலந்து முன்கூட்டியே கொடுத்தபோது எலிக்குட்டிகளும் முயல்குட்டிகளும் காலராவிலிருந்து காப்பாற்றப்பட்டன என்று 2017இல் கமிலியின் குழு தெரிவித்தது. மனிதர்களுக்கு அது மருந்தாக இன்னும் வரவில்லை. அதற்கு முன்பே உடனடியாகச் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. நோயாளியின் மலத்தில் ஐசிபி1 மிகுந்திருந்தால் விப்ரியோக்கள் குறைந்துபோய், காலராவைக் கண்டறியும் துரிதப் பரிசோதனை நோய் இல்லை என்று தவறாகக் காட்டிவிடக்கூடும். பாக்டீரியாவோடு அதன் ஃபேஜையும் சேர்த்துத் தேடும் பரிசோதனை இருந்தால் அத்தகைய நோயாளிகளையும் அடையாளம் காணலாம்.