தொழிலைச் சொல்லிக் கொடுத்த முதலாளி

கடையில் நின்று பழகிய பையன் எதிரிலேயே கடை திறந்துவிடுவானோ என்று பயந்து, சரக்கு எடுக்கும் இடத்தைச் சொந்த மகனிடம்கூடச் சொல்லாத வியாபாரிகள் நம்மிடையே இருக்கிறார்கள். அமெரிக்காவில் ஒரு தொழிலே இப்படியான பயத்தோடுதான் ஆரம்பமானது.

முதுகெலும்பைக் கையால் அழுத்திச் சரிப்படுத்தும் வைத்தியத்துக்குக் கைரோபிரக்டிக் என்று பெயர். தொடக்கி வைத்தவர் டி.டி. பாமர். பலசரக்குக் கடை நடத்தி, தங்கமீனும் விற்ற மனிதர். பின்னர் ஐயோவா மாநிலத்து டெவன்போர்ட் நகரில் காந்த வைத்தியம் செய்தார். 1895 செப்டெம்பரில், அதே கட்டடத்தில் துப்புரவு வேலை செய்த காது மந்தமான ஒருவரின் முதுகெலும்பை அழுத்தியதும் அவருக்குக் காது கேட்டது என்றார் பாமர். மருத்துவர்கள் இந்தக் கதையை ஏற்பதில்லை. முதுகுவலிக்கு இம்முறை ஓரளவு உதவும் என்பது வேறு விடயம்.

ஆரம்பத்தில் அவர் வித்தையை யாருக்கும் காட்டவில்லை. ஒரு ரயில் விபத்தில் உயிர் தப்பிய பின்னர்தான், தன்னோடு இது மண்ணுக்குள் போய்விடுமே என்று கவலைப்பட்டாராம். 1897இல் பள்ளி தொடங்கினார். 1902இல் படித்து முடித்தவர்களில் மகன் பி.ஜே.யும் ஒருவர்.

1906இல் அனுமதிப்பத்திரம் இல்லாமல் வைத்தியம் செய்ததாகத் தகப்பனுக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. அபராதம் கட்ட மறுத்துச் சிறைக்குப் போனார். வெளியே வந்ததும் தகப்பனுக்கும் மகனுக்கும் ஒத்துப்போகவில்லை. இரண்டாயிரம் டொலருக்குச் சற்று மேலான தொகையும் சில புத்தகங்களும் கைக்கு வர, பள்ளியை மகனிடம் விட்டுவிட்டு ஒக்லஹோமா போய் மறுபடியும் பலசரக்குக் கடை போட்டார். அந்த வயதில் திரும்பவும் தராசு பிடிப்பதென்றால் எப்படி இருந்திருக்கும்! 1913இல் இறக்கும்வரை இருவருக்கும் மனக்கசப்புத் தீரவில்லை.

மகன் கெட்டிக்காரர். மாணவர் தொகையை இரண்டாயிரத்துக்கு மேல் கொண்டுபோனார். 1922இல் ஒரு வானொலி நிலையத்தையும் வாங்கினார். பத்து வருடம் கழித்து அங்கே அறிவிப்பாளராக வேலைக்கு வந்த இளைஞர்தான் பின்னாளில் ஜனாதிபதியான ரொனால்ட் ரீகன்.

அவர் சறுக்கியது 1924இல். முதுகின் வெப்பத்தை அளக்கும் நியூரோகலோமீட்டர் என்ற கருவியை அறிமுகம் செய்து, அது இல்லாமல் சரியாக வைத்தியம் செய்ய முடியாது என்றார். விலைக்குத் தர மாட்டார், குத்தகைக்கு மட்டும்தான், அதுவும் ஆயிரக்கணக்கான டொலருக்கு. அவரிடம் படித்துச் சிற்றூர்களில் சின்னதாகத் தொழில் செய்தவர்கள் எங்கே போவார்கள்? கற்றுத் தந்தவர் தங்களை வாடிக்கையாளராக்கிவிட்டார் என்று பலர் விலகினார்கள். மாணவர் வரவு விழுந்தது. அவரது ஆசிரியர்களாக இருந்த நால்வர் 1926இல் இந்தியானாபோலிஸ் நகரில் லிங்கன் கல்லூரி என்று வேறொன்றைத் தொடங்கிவிட்டார்கள்.

இன்றும் இந்தப் படிப்பை முடிக்கும் பலர் முதலில் மூத்தவர் ஒருவரின் கிளினிக்கில் சேர்ந்துதான் கை பழகுகிறார்கள். விலகிப் போகும்போது எத்தனை மைலுக்குள் தனியாகக் கிளினிக் திறக்கக்கூடாது, நோயாளிகள் யார் பக்கம் என்பதையெல்லாம் சேரும் அன்றே எழுதிக் கையெழுத்து வைத்துக்கொள்பவர்கள் பலர்.