எம்.பி.ஏ. படிப்பு: எது வளையும், எது வளையாது?



போன மாதக் கூட்டமைப்புக் கூட்டத்தில் ஒரு குழுவின் பிரதிநிதி எழுந்து ஒரு கேள்வி கேட்டாங்க. அவங்க பி.காம். முடிச்சு பதினோரு வருஷம் ஆச்சு. கல்யாணம், இரண்டு பிள்ளைங்க, குழுக் கணக்கு என்று நாள் ஓடிப்போச்சு.

"எம்.பி.ஏ. படிக்கணும்னு ஆசையா இருக்கு. வேலையையும் விட முடியாது, வீட்டையும் விட முடியாது. வீட்டிலிருந்தே படிக்கலாம், ஒரே வருஷம் போதும், பரீட்சையை நாங்க பார்த்துக்கிறோம்னு ஒருத்தர் சொல்றார். முப்பதாயிரம் கட்டணுமாம். குழுவில் உட்கடன் தருவீங்களா?"

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. ஏனென்றால் இரண்டு வருஷத்துக்கு முன்னால் நம்ம உறுப்பினர் ஒருத்தர் இதே மாதிரி உட்கடன் வாங்கி ஒரு இடத்தில் கட்டினாங்க. சான்றிதழும் வரலை, பணமும் திரும்பலை. கடனை மட்டும் பால் ஊத்துற காசில் மாசாமாசம் கட்டி முடிச்சாங்க. அதனால் இந்தத் தடவை விவரங்களை விசாரித்து எழுதுகிறோம். நம்மில் டிகிரி படித்தவங்க இருக்காங்க. டிகிரி முடித்த மகளோ மருமகளோ வீட்டில் இருக்கலாம். எல்லோருக்கும் பயன்படும்.

ஒரு விஷயத்தை முதலில் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். வேலை பார்த்துக்கொண்டே எம்.பி.ஏ. படிக்க முடியும். அதில் நம் வசதிக்கு வளைகிற இடங்கள் உண்டு. வளையாத இடங்களும் உண்டு. வளையாத இடத்தையும் வளைத்துத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் அங்கேதான் ஏமாற்று இருக்கிறது.

உதாரணத்துக்கு இக்னோ என்று சொல்லும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்வோம். 1985-ல் தொடங்கிய மத்தியப் பல்கலைக்கழகம் இது. சென்னையிலும் மதுரையிலும் மண்டல மையங்கள் உள்ளன. இதன் எம்.பி.ஏ. படிப்பு 2021-ல் புதிய முறைக்கு மாறியது.

எது வளையாது?

முதலாவது, டிகிரி. ஏதாவது ஒரு பாடத்தில் இளநிலைப் பட்டம் வேண்டும். பொதுப் பிரிவினருக்கு 50 சதவீதம், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 45 சதவீத மதிப்பெண் இருக்கணும். பி.காம்.தான் என்றில்லை, பி.ஏ. தமிழ் படித்தவங்களும் சேரலாம். ஆனால் முதல் டிகிரி இல்லாமல் நேரடியாக வாங்கிய முதுகலைப் பட்டம் செல்லாது என்று 2009-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. பத்தாவது, பன்னிரண்டாவது, பிறகு டிகிரி என்ற வரிசை தப்பினால் அரசு வேலையில் சிக்கல் வரும். "ப்ளஸ் டூ வேண்டாம், டிகிரியும் வேண்டாம், நேரா எம்.பி.ஏ." என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள்.

இரண்டாவது, பாடங்களின் அளவு. மொத்தம் 28 பாடம். அதில் 27 பாடத்துக்குத் தலா 4 கிரெடிட், புராஜெக்டுக்கு 8 கிரெடிட், ஆக 116 கிரெடிட். கிரெடிட் என்றால் என்ன? ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேரப் படிப்பு. அதாவது ஒரு பாடத்துக்கு 120 மணி நேரம்.

மூன்றாவது, ஒப்படைப்பு. அசைன்மெண்ட் என்று சொல்வார்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் கொடுக்கிற கேள்விகளுக்கு நாமே கையால் விடை எழுதித் தரணும். இதற்கு 30 சதவீத மதிப்பெண். பரீட்சைக்கு 70 சதவீதம். ஒப்படைப்புக்குக் கெடு தேதி உண்டு, அது பரீட்சைக்கு முன்னாலேயே வந்துவிடும். அடுப்பு வேலை, அறுவடை என்று தள்ளிப்போட்டால் அந்தப் பாடம் அடுத்த பரீட்சைக்குப் போய்விடும்.

நான்காவது, பரீட்சை. நாமே மையத்துக்குப் போய் எழுதணும். நமக்குப் பாடமும் ஆங்கிலத்தில்தான். இதைச் சொல்லாமல் விட்டால் நாங்கள் ஏமாற்றியவர்கள் ஆவோம். ஆங்கிலம் விட்டுப்போனவங்க சேருவதற்கு முன்னால் ஆறு மாதம் தினமும் அரை மணி நேரம் ஆங்கிலச் செய்தித்தாள் படித்துப் பழகுங்கள்.

எது வளையும்?

வயது வரம்பு கிடையாது. இதற்கு முன் நுழைவுத் தேர்வு எழுதணும், புதிய முறையில் அது இல்லை. ஜனவரி, ஜூலை என்று வருஷத்தில் இரண்டு தடவை சேர்க்கை. பரீட்சையும் ஜூன், டிசம்பர் என்று இரண்டு தடவை.

எல்லாவற்றிலும் பெரிய சலுகை, கால அளவுதான். குறைந்தது 2 வருஷம், அதிகபட்சம் 4 வருஷம். ஒரு பரீட்சையில் எல்லாப் பாடமும் எழுத முடியாவிட்டால் மீதியை அடுத்த பரீட்சையில் எழுதலாம். பிரசவம், உடம்புக்கு முடியாத மாமியார், நடவு சீசன் என்று வருகிறபோது ஆறு மாதம் மெதுவாகப் போகலாம்.

எதில் தனித்தேர்ச்சி வேண்டும் என்பதையும் நாமே தேர்ந்தெடுக்கலாம். மனிதவளம், நிதி, சந்தைப்படுத்தல், உற்பத்தி நிர்வாகம், சேவைத் துறை என்று ஐந்து பிரிவுகள் உள்ளன. குழுக் கணக்குப் பார்க்கிறவங்களுக்கு நிதி பொருந்தும். ஊறுகாய், மசாலாப் பொடி விற்கிறவங்களுக்குச் சந்தைப்படுத்தல் பொருந்தும். புராஜெக்டை நம் சொந்த அனுபவத்திலிருந்தே எடுக்கலாம். ஆனால் வழிகாட்டி ஒருவர் வேண்டும், தலைப்புக்கு முன்கூட்டியே அனுமதியும் வாங்கணும்.

நேரக் கணக்கு போடுவோம்

பணத்துக்குக் கணக்கு எழுதுகிற நாம் நேரத்துக்கும் எழுதிப் பார்ப்போம். 116 கிரெடிட்டை 30 மணியால் பெருக்கினால் 3,480 மணி நேரம். இரண்டு வருஷத்தில் முடிக்கணும் என்றால் தினமும் ஏறக்குறைய நாலே முக்கால் மணி நேரம். நாலு வருஷம் என்றால் தினமும் இரண்டரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. விடியற்காலை ஒரு மணி நேரம், பிள்ளைங்க தூங்கினபிறகு ஒன்றரை மணி நேரம். இந்த நேரம் வீட்டில் கிடைக்குமா என்று வீட்டுக்காரரிடமும் மாமியாரிடமும் முதலிலேயே பேசிவிடுங்கள். பாதியில் விட்டால் கட்டிய பணம் போவதைவிட மனசு உடைவதுதான் பெரிய நஷ்டம்.

பணம் கட்டும் முன் பாருங்கள்

தொலைதூரத்தில் எம்.பி.ஏ. நடத்த யு.ஜி.சி. என்னும் பல்கலைக்கழக மானியக் குழுவின் அங்கீகாரம் வேண்டும். அந்தப் பல்கலைக்கழகம், அந்தப் படிப்பு, நீங்கள் சேரும் வருஷம், மூன்றும் யு.ஜி.சி.யின் தொலைதூரக் கல்விப் பிரிவு இணையதளத்தில் இருக்கா என்று பாருங்கள். அப்படி அங்கீகாரம் பெற்ற பட்டம் கல்லூரிக்குப் போய் வாங்கிய பட்டத்துக்குச் சமம் என்று 2022-ல் யு.ஜி.சி. தெளிவாக அறிவித்தது.

பணத்தைப் பல்கலைக்கழகத்துக்கே நேரடியாகக் கட்டி ரசீது வாங்குங்கள். இடைத்தரகர் கையில் கொடுக்காதீர்கள். மூணு வருஷ டிகிரி வைத்திருக்கிறவருக்கு ஒரே வருஷத்தில் தொலைதூர எம்.பி.ஏ. தருகிறேன் என்பதையும், பரீட்சையை வேறு ஆள் எழுதுவார் என்பதையும் காது கொடுத்துக் கேட்காதீர்கள். இரண்டாவது சொன்னது குற்றம்.

உட்கடன் பற்றி

கட்டணத்தை மொத்தமாகக் கட்டத் தேவையில்லை, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கட்டலாம். அதனால் படிப்புக்கு உட்கடன் தரும்போது ஒரு செமஸ்டர் தொகையை மட்டும் கொடுங்கள். ரசீதைப் பார்த்தபிறகு அடுத்தது. இதைத் தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கடன் வாங்கும் சகோதரிக்கும் பாதுகாப்பு, குழுப் பணத்துக்கும் பாதுகாப்பு.

எம்.பி.ஏ. வாங்கினால் மறுநாளே வேலை வீடு தேடி வரும் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் பத்து வருஷமாக நாம் செய்கிற கணக்கு, கூட்டம், கடன் வசூல், சரக்கு விற்பனை எல்லாம் அந்தப் பாடங்களில் இருக்கு. கை பழகின வேலைக்கு ஒரு பட்டமும் சேர்ந்தால் பேசும்போது குரல் கொஞ்சம் உயரும்.

கேள்வி கேட்ட பிரதிநிதி முப்பதாயிரத்தைக் கட்டவில்லை. மதிப்பெண் பட்டியலைத் தேடி எடுத்துப் பார்த்தாங்க, 54 சதவீதம் இருக்கு. வீட்டில் பேசி நாலு வருஷக் கணக்கில் படிப்பதென்று முடிவு செய்திருக்காங்க. முதல் செமஸ்டருக்கு மட்டும் உட்கடன் தர அவங்க குழுவும் தீர்மானம் போட்டிருக்கு.

உங்கள் குழுவில் டிகிரி முடித்தவங்க எத்தனை பேர்? அடுத்த வாரக் கூட்டத்தில் இந்தக் கட்டுரையை ஒருத்தர் சத்தமாக வாசிங்க, மற்றவங்க கேளுங்க. பிறகு பேசி முடிவெடுங்க.