பழைய மடிக்கணினியைத் தூக்கி எறியுமுன்...



2011 செப்டம்பர் 15 அன்று, திருவள்ளூரை அடுத்த காக்களூரில் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரத்து எளிய இல்லங்கள் பலவற்றில் முதன்முதலாக நுழைந்த கணினி அதுவே. இன்று அது உங்கள் அலமாரியில் தூசி படிந்து கிடக்கிறதா? "திறப்பதற்கே ஐந்து நிமிடம் ஆகிறது, புதிது வாங்கித் தாருங்கள்" என்று மகள் கேட்கிறாளா? சற்றே பொறுங்கள். பெரும்பாலும் தளர்ந்திருப்பது கணினி முழுவதுமன்று. அதனுள்ளிருக்கும் ஹார்டு டிஸ்க் மட்டுமே.

நிமிடத்திற்கு 5,400 முறை சுழலும் தட்டின்மீது ஒரு முனை நகர்ந்து நகர்ந்து தேடியே அது தகவலை எடுத்துத் தருகிறது. எஸ்.எஸ்.டி.யிலோ சுழலும் பாகம் எதுவுமில்லை. அனைத்தும் சில்லுகளில் பதிகின்றன. 1987-இல் ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் ஃபுஜியோ மசுவோக்கா குழுவினர் அறிமுகப்படுத்திய நினைவகமே இதற்கு அடிப்படை. பழைய டிஸ்க் நொடிக்குச் சுமார் 100 மெகாபைட் படித்தால், சாதாரண சாட்டா எஸ்.எஸ்.டி. 500-க்கும் மேல் படிக்கும்.

ரயிலேறி ரிச்சி தெருவுக்குப் புறப்படுமுன் மூன்றைக் கவனியுங்கள். முதலாவது, மாடல் எண்ணைக் குறித்துக் கொள்ளுங்கள். பழையவற்றில் பெரும்பாலும் இரண்டரை அங்குல சாட்டா வகையே பொருந்தும். பிற்காலத்து எம்.2 வகையில் சாட்டா, என்.வி.எம்.இ. என இரண்டுண்டு, ஒன்றின் இடத்தில் மற்றொன்று இயங்காமற் போகலாம். இரண்டாவது, படிப்புக்கு 256 ஜிகாபைட் போதும். மூன்றாவது, ஜி.எஸ்.டி. ரசீதும் உத்தரவாதமும் இல்லாமல் வாங்காதீர்கள். நம்ப முடியாத மலிவு விலையில் வருபவற்றில் போலிகள் உண்டு.

ரேம் 2 ஜிகாபைட் மட்டுமே இருந்தால், இயலுமாயின் அதையும் கூட்டுங்கள். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11-ஐ ஏற்காத பழைய கணினிகளுக்கு உபுண்டு போன்ற இலவச லினக்ஸ் கைகொடுக்கும்.

இவை யாவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு. அந்தப் பழைய டிஸ்கில்தான் மூத்தவளின் நிக்காஹ் படங்களும், இன்று நம்மிடையே இல்லாத பெரியவர்களின் குரலும், சான்றிதழ்ப் பிரதிகளும் இருக்கின்றன! கடைக்காரர் கையில் கொடுக்குமுன் அவற்றை வேறிடத்தில் பிரதி எடுத்து, திறந்தும் சரிபாருங்கள். கழற்றிய டிஸ்கை மறவாது கேட்டு வாங்குங்கள். அழித்த கோப்புகளையும் மீட்டெடுப்போர் உண்டு. எஸ்.எஸ்.டி.யும் முன்னறிவிப்பின்றிப் பழுதாகக் கூடியதே. ஆகவே பிரதிகள் இரண்டிருக்கட்டும்.

வட்டை அடுத்த மாதமும் வாங்கலாம். படங்களை இன்றிரவே பிரதி எடுத்துவிடுங்கள்.