இரண்டே இரண்டு செடிகள்

மாணவர்களே, பள்ளித் திடலின் ஓரத்தில் தொட்டாற்சுருங்கியைத் தொட்டு விளையாடியிருப்பீர்கள். மிதித்தாலும் மறுவாரமே தளிர்த்துவிடும் செடி அது. சந்தையில் கொத்துக் கொத்தாகத் தொங்கும் பெத்தாயும் அதே அவரைக் குடும்பம்தான். இக்குடும்பத்தின் இன்னோர் உறுப்பினரை அறிவியலாளர்கள் முதன்முதலாகக் கண்டது 1992இல். அப்போது அவர்கள் கண்ணில் பட்டவை இரண்டே செடிகள்!

இடம், ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கஹோலாவே. ஆடுகள் அதன் பசுமையை மேய்ந்து தீர்த்தன. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படை அதைக் குண்டுவீச்சுப் பயிற்சிக் களமாக்கியது. 1965இல் 500 டன் வெடிமருந்தை வெடிக்கச் செய்து சோதித்தார்கள். அதனால் உண்டான பள்ளம் இன்றும் உள்ளது. 1990இல்தான் குண்டுவீச்சு நின்றது.

தீவை ஒட்டிக் கடலில் செங்குத்தாக நிற்கும் பாறை ஒன்றின் பெயர் அலேஅலே. ஆடுகளால் அங்கே போக முடியாது. அந்தப் பாறையில்தான் ஸ்டீவ் பெர்ல்மன், கென் வுட் என்னும் தாவரவியலாளர்கள் அச்செடிகளைக் கண்டார்கள். எந்தப் பேரினத்திலும் அவை அடங்கவில்லை. எனவே, ஹவாய் மக்களின் கடல் தெய்வத்தின் பெயரால் 'கனலோவா' என்ற புதிய பேரினமே உருவானது.

கதையின் சுவையான பகுதி இனிமேல்தான் வருகிறது. மகரந்தத் துகளின் வெளிச்சுவர் மிகவும் உறுதியானது. சேற்றில் புதைந்தால் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கெடாது. ஒவ்வொரு தாவரத்தின் துகளுக்கும் தனி வடிவம் உண்டு, கைரேகை மாதிரி. ஓவாஹு தீவில் சதுப்பு நிலத்தைத் துளையிட்டு ஆராய்ந்தவர்கள், பழைய அடுக்குகளில் ஒருவகை மகரந்தத்தை ஏராளமாகக் கண்டிருந்தார்கள். அது எந்தச் செடியுடையது என்று யாருக்கும் தெரியவில்லை. கனலோவாவின் மகரந்தத்தோடு ஒப்பிட்டபோது விடை கிடைத்தது. அப்படியென்றால், ஒரு காலத்தில் தாழ்நிலக் காடுகளில் இது சர்வசாதாரணம்!

பிறகு என்ன ஆயிற்று? ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மனிதர்கள் படகுகளில் வந்து குடியேறினார்கள். கூடவே எலிகளும் வந்தன. அவை விதைகளைத் தின்றதே காடு அழிய முக்கியக் காரணம் என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கோடரியையும் தீயையும் மட்டும் குறை சொல்லிப் பழகிய நமக்கு இது சற்று வியப்புதான்.

கனலோவாவைத் தோட்டங்களில் வளர்க்க முயல்கிறார்கள். எளிதாக வளரும் செடி அல்ல. அங்கே வேர் பிடித்தவற்றை இன்னும் விரல் விட்டு எண்ணிவிடலாம்.