அறுவைக் கூடத்தின் காற்று

ஆனி, ஆடித் திங்களில் கம்பம் பள்ளத்தாக்கிற்குச் செல்வோர், மலைக் கணவாய் வழியே வீசும் காற்றின் வேகத்தைக் கண்டு வியப்பர். சாலைப் புழுதியும் அடுப்புப் புகையும் அக்காற்றில் நொடிப்பொழுதில் கலைந்து மறையும். ஆயினும் அக்காற்று நுழையலாகாத இடமும் அங்கு உண்டு. தேனியை அடுத்த க. விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி நடைபெற்று வருகிறது. அத்தகைய மருத்துவமனைகளின் அறுவைக் கூடங்கள், தூசியும் நோய்க்கிருமியும் புகாவண்ணம் அடைக்கப்பட்டிருக்கும். அங்கே உள்ளெழும் மாசு எவ்வாறு நீங்கும்?

1846-இல் பாஸ்டன் நகரில் மார்ட்டன் என்பார் ஈதர் ஆவியால் நோயாளியை மயக்கி, வலியின்றி அறுவை நிகழச் செய்தார். இன்று நைட்ரஸ் ஆக்சைடு, செவோபுளூரேன் முதலியன பயன்படுகின்றன. நோயாளி உள்ளிழுக்கும் மயக்க வாயுவில் பெரும்பகுதி மூச்சுடன் வெளிவந்துவிடும். முகமூடி சரியாகப் பொருந்தாவிடினும், குழாயில் சிறு வெடிப்பு இருப்பினும் வாயு கசியும்.

நோயாளி அவ்வாயுவை நுகர்வது ஓரிரு மணி நேரமே. மருத்துவரும் செவிலியரும் பணியாளரும் நாள்தோறும் நுகர்கின்றனர். தலைவலியும் சோர்வும் தோன்றலாம். கருவுற்ற மகளிர்க்கு ஊறு நேரக்கூடும் என 1967-இல் சோவியத் நாட்டில் வெளிவந்த ஆய்வு எச்சரித்தது. பத்து லட்சம் பங்கு காற்றில் நைட்ரஸ் ஆக்சைடு 25 பங்கிற்கு மிகலாகாது என 1977-இல் அமெரிக்கத் தொழில்நல ஆராய்ச்சி நிறுவனம் பரிந்துரைத்தது. இதனை மூக்கால் அறிதல் அரிது. மருந்தின் மணம் தெரியும்போதே அளவு கடந்திருக்கும்.

இதற்குரிய காப்புகள் எளியன. பணி தொடங்குமுன் குழாய்களையும் இணைப்புகளையும் சோதித்தல் வேண்டும். முகமூடி முகத்தில் நன்கு பொருந்திய பின்னரே வாயுவைத் திறத்தல் வேண்டும். வெளிவரும் வாயுவைத் தனிக் குழாயால் ஈர்த்துக் கட்டடத்திற்கு வெளியே செலுத்துதல் வேண்டும். அக்குழாயின் வாய், கூடத்திற்குள் காற்றை இழுக்கும் சாளரத்தின் அருகே அமைதல் கூடாது. மணிக்கு 15 முறைக்குக் குறையாமல் கூடத்தின் காற்று மாறுதலும் வேண்டும். எனினும் வெளியேறிய நைட்ரஸ் ஆக்சைடு வானில் தங்கிப் புவியை வெப்பமுறச் செய்யும். ஆதலின் வேண்டிய அளவே பயன்படுத்துதல் தலையாய காப்பாகும்.

பிறர் துன்பம் நீக்க உழைப்போரின் மூச்சைக் காப்பதும் மருத்துவத்தின் கடமையே அன்றோ!